ஐந்தாம் நம்பர் டப்பாவும் கிருமாம்பாக்கம் பஜ்ஜியும்

முதலில் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன். போன மாதம் எழுதிய பாகூர் ஏரிப் பதிவில், கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் ஒரு பஜ்ஜிக் கடையைப் பற்றி ஒரு பாரா எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று கோபமாக முடித்த ஞாபகம். அந்தப் பாராவை எடுத்துவிட்டேன். கடைக்காரர் சண்டைக்கு வந்ததால் அல்ல. அவர் அந்தப் பதிவைப் பார்த்ததே இல்லை. எடுக்க வைத்தது ஓர் எருமைக் கன்றும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் வயிறும்தான். ஏரி பார்க்கப் போகிற வழியில் கன்றுக்குட்டியைக் கண்டால் தடவிக் கொடுக்காமல் நகர முடியாதவர்கள் (நானும் அந்த ரகம்தான்) இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. விழுப்புரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. வயது நாற்பத்து நான்கு. சனிக்கிழமை காலையில் கிளம்பி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய ஊர்களுக்குப் பேருந்தில் போய்வந்து எழுதுவேன். பெரிய மலை, பெரிய கடல் எல்லாம் என்னிடம் கிடைக்காது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் இரண்டு சனிக்கிழமைகள், இரண்டு வார இடைவெளியில், பாகூர்ப் பக்கம் போனேன். கூப்பிட்டவள் பிரமிளா. என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது கால்நடை மருத்துவர், வில்லியனூரில் வீடு. கறிக்காக வளர்க்கும் இளம் எருமைக் கன்றுகளின் சாணத்தில் ஒரு குறிப்பிட்ட கிருமி வெளியேறுகிறதா என்று பார்க்கும் ஆய்வு ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய உதவியாளர் விடுப்பில் போய்விட்டார்.

"ஐஸ் பெட்டிய மடியில வச்சிக்கினு பின்னாடி உக்காரணும். அவ்ளோதான்டி வேலை. நீ எப்படியும் ஊர் சுத்தத்தானே போற" என்றாள். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை மட்டும் நான் சரி என்ற பிறகு சொன்னாள்.

முதல் சனிக்கிழமை விழுப்புரத்தில் 5.40 பேருந்து. வில்லியனூர் வரை டிக்கெட் முப்பது ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். திருபுவனை வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும், ஏனென்றால் பேருந்தில் பாதிப் பேர் அங்கே தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு போகிறவர்கள். அவர்கள் இறங்கியதும் ஜன்னல் இருக்கை கிடைக்கும், திருவாண்டார்கோயில் தாண்டினால் காற்றும் கிடைக்கும். 6.35க்கு வில்லியனூர். பிரமிளா ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். அங்கிருந்து பாகூர் சாலையில் சுமார் பதினேழு கிலோமீட்டர். நடுவில் ஒரு தேநீர், பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தூக்கல்.

ஸ்கூட்டரில் காற்றுக்கு மேல் குரலை உயர்த்தி அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் கிருமி கன்றின் குடலில் குடியிருக்கும். கன்றுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அது தின்னும், துள்ளும், கொழுக்கும். ஆனால் சாணத்தோடு வெளியே வந்து ஒரு சின்னக் குழந்தையின் வாய்க்குள் போனால் கதையே வேறு. வயிற்றுப்போக்கு வரும், ரத்தம் போகும், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே பிடித்துவிடும். பெரிய மாடுகளைவிடக் கன்றுகள்தான் இதை அதிகம் வெளியேற்றும். அதுவும் தினமும் இல்லை, இன்று இருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

"அப்ப நோஞ்சானா இருக்கிற கன்னுக்குட்டியப் பாத்து ஒதுங்கிட்டா போதுமே" என்றேன்.

"அங்கதான்டி எல்லாரும் ஏமாறுறாங்க. பாத்து கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தான் டப்பா."

இந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. பின்னால் வந்த அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

அன்று ஏழு வீடு. ஆறு வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சாணம் எல்லா ஊரிலும் சாணம்தான். ஏழாவது ரோஸியின் வீடு. பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குடியிருப்பு. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை, அவள் பெயரும் உண்மையில் ரோஸி அல்ல.

ரோஸிக்கு இருபத்தேழு வயது. கணவர் எட்வின் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை, விடியும் முன்பே பைக்கில் கிளம்பிவிடுவார். அவர்கள் பெற்றோர் காலத்தில் குடும்பமே கரும்பு வெட்டப் போனது. ரோஸி போவதில்லை. பால் எருமை வைத்திருக்கும் வீடுகளில் கடாக் கன்று பிறந்தால் வேண்டாத விருந்தாளி. அதைக் குடிக்கவிட்டால் பால் குறையும். அப்படி ஒதுக்கும் கடாக் கன்றுகளை ஒரு மாதக் குட்டியாக வாங்கி, அரிசிக் கஞ்சியும் தவிடும் கொடுத்துத் தேற்றி, கரும்பின் நுனித் தழையைப் போட்டு வளர்த்து, ஒரு வயது வாக்கில் கறி வியாபாரியிடம் விற்பாள். நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்த கன்றை எல்லாம் மடியில் போட்டுக் கஞ்சி புகட்டிப் பிழைக்க வைத்திருக்கிறாள். ஒரு நாள் விற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருக்கிறாள்.

அப்போது ஆறு கன்று இருந்தது. ஆய்வுக்கு ஐந்து போதும் என்பதால் பிரமிளா சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறாள். அதில் விடுபட்டது ராசா. எட்டு மாதக் கடா, கறுப்பில் எண்ணெய் தேய்த்த பளபளப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ரோஸிக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னா டாக்டரம்மா, நல்லாப் படிக்கிற புள்ளய வெளிய உக்கார வெச்சிட்டு மத்ததுக்கெல்லாம் பரீட்ச வெக்கிறீங்களே" என்றாள்.

"பரீட்ச இல்ல ரோஸி. சீட்டுல வரல, நான் இன்னா பண்றது."

ஐந்தாம் நம்பர் விழுந்த கன்றுக்கு ஈர்க்கு என்று பெயர். பெயரே சொல்லிவிடும். விலா எலும்பை எண்ணலாம், வாலிலும் பின்னங்காலிலும் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஏற்பாடு இதுதான். பிரமிளா வெள்ளிக்கிழமை மாலையே நம்பர் ஒட்டிய டப்பாக்களைக் கொடுத்துவிடுவாள். கன்றுகள் விடியலில் சாணம் போடும்போது வீட்டுக்காரர்களே புதிதாக அள்ளி, மூடி, ஐஸில் வைத்துவிட வேண்டும். ஏழு வீட்டுக்கு ஒரே ஆளால் விடிகாலையில் போக முடியாது. அன்று பிரமிளா பக்கத்து வீட்டு மாட்டைப் பார்க்கப் போயிருந்ததால் ரோஸியிடமிருந்து டப்பாக்களை வாங்கியது நான். ஐந்தையும் எண்ணி வாங்கினேன். ஐந்தாம் டப்பாவில் இருந்தது கெட்டியாக, அழகாக இருந்தது. ஈர்க்கின் வாலையும் பார்த்தேன், டப்பாவையும் பார்த்தேன். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், சாணத்தில் எனக்கென்ன தெரியும் என்று பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

அதற்குள் ரோஸியின் மகள் ஜெனி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். மூன்றரை வயது, மூக்கில் சளி, வாயில் ஓயாத பேச்சு. "அத்த, ராசா வெரல சப்பும், பாக்குறியா" என்று கூட்டிப்போய், தன் நான்கு விரலை அதன் வாய்க்குள் விட்டுக் காட்டினாள்.

"கடிக்காதுக்கா, மேல் பல்லு கெடையாது. குட்டியில வெரல வச்சித்தான் கஞ்சி பழக்கனேன், இன்னும் வுடல" என்றாள் ரோஸி.

நானும் விரலைக் கொடுத்தேன். சொரசொரப்பான நாக்கு, வெதுவெதுப்பான வாய். அப்படி ஒரு இழுப்பு இழுத்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டு நிமிடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, மறைப்பானேன். ஜெனி தன் கையை எடுத்து அப்படியே முறுக்கைத் தின்னப் போய்விட்டாள். பிரமிளா திரும்பி வந்து, மோட்டார் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "நீயும் கழுவு" என்றாள். "நான் சாணத்தத் தொடவே இல்லையே" என்று பெருமையாகச் சொல்லி, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

பாகூர் ஏரிக்கரையில் பதினைந்து நிமிடம் நின்றோம். அதைப் பழைய பதிவில் எழுதிவிட்டேன். பிறகு பிரமிளா என்னைக் கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, பெட்டியோடு புதுச்சேரிக்குப் பறந்தாள். பசி. வாழைக்காய் பஜ்ஜி நான்கு, முப்பத்திரண்டு ரூபாய். கடலூர்ச் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். நான் பஜ்ஜிக்காகவே இரண்டை விட்டேன்.

செவ்வாய்க்கிழமை என் வயிறு பேச ஆரம்பித்தது. மூன்று நாள் அலுவலகம் போகவில்லை. படுத்தபடியே பாகூர் ஏரிப் பதிவை எழுதி, அதில் அந்தப் பஜ்ஜிக் கடைக்காரரை வாயில் போட்டு மென்றுவிட்டேன். கெட்டுப்போன பஜ்ஜி அன்று ராத்திரியே வேலையைக் காட்டியிருக்கும், மூன்று நாள் நல்ல நேரம் பார்க்காது என்று பிரமிளா பின்னால் சொன்னாள். எழுதும்போது இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. கடை அழுக்காக இருந்தது, அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ரோஸி வீட்டில் நான்கு டப்பாவில் ஒன்றுமில்லை, ஐந்தாம் டப்பாவில் கிருமி. பிரமிளா போன் செய்தபோது எடுத்தவர் எட்வின். ஐந்தாம் நம்பர் கன்றைக் குழந்தை பக்கம் விடாதீர்கள், சமையல் இடத்திலிருந்து தூரத்தில் கட்டுங்கள், எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். எட்வின் சொன்னதைச் செய்கிறவர். அன்றே ஈர்க்கைக் கொண்டுபோய்க் கரும்புக் கொல்லை ஓரத்தில் தனியாகக் கட்டிவிட்டார். கொட்டகையில் இடம் மாற்றியதில், நல்ல கன்று என்று ராசாவைச் சமையலறை வாசல் பக்கம் கட்டினார்.

இரண்டாவது சனிக்கிழமை. அதே 5.40, அதே முப்பது ரூபாய். இந்த முறை ரோஸியின் வீட்டுக்கு முதலில் போனோம். 7.50 இருக்கும். வாசலில் டப்பாக்கள் காலியாக இருந்தன. உள்ளே பாயில் ஜெனி சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. ராசாவைக் காட்டக் கூப்பிடவும் இல்லை.

"வியாழக்கெழமலேருந்து வயித்தால போவுது டாக்டரம்மா. ஓமத்தண்ணி குடுத்தேன். நேத்து சாயங்காலம் கொஞ்சம் செவப்பா போச்சி" என்றாள் ரோஸி. தலை வாராமல் இருந்தாள்.

"மாத்திர எதுனா குடுத்தியா?"

"கடையில நிறுத்துற மாத்திர கேக்கலாம்னு இருந்தேன். இன்னும் குடுக்கல."

"குடுக்காத. அஞ்சாம் நம்பர் கிட்ட இவ போனாளா?"

"இல்ல டாக்டரம்மா. ஈர்க்கு அங்க கெடக்குது, இவ இங்க கெடக்குறா. ஒரு நாளும் வுடல."

பிரமிளா கரும்பு ஓரத்தைப் பார்த்தாள். ஈர்க்கு ஐம்பது அடி தள்ளி, முளையில் கட்டுண்டு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. "அப்ப எங்கேருந்து வந்துது? தண்ணியா? வெளிய எதுனா வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ரோஸி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். சமையலறை வாசலில் ராசா தலையை நீட்டி, அங்கே காய்ந்துகொண்டிருந்த ஜெனியின் சட்டையை நக்கியது. ரோஸி அதைப் பார்த்தாள். எட்டிச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அஞ்சாம் நம்பர் டப்பாவுல இருந்தது ஈர்க்குது இல்ல" என்றாள்.

"இன்னா?"

"ராசாது. ஈர்க்கு தண்ணியாப் போட்டுது. அத எப்படி குடுக்கறது. போன வருஷம் மாட்டுக்கு நோவு வந்தப்ப, கழிச்சல் கன்னு இருக்கிற வூட்டுல கறிக்காரரு எதையுமே வாங்க மாட்டேன்னுட்டாரு. ஒண்ணு பெயிலானா ஆறும் போச்சின்னு, ராசாத அள்ளிப் போட்டுட்டேன். அதுதான் நல்லா இருக்குதே, பாஸாயிடும்னு."

ஐஸ் பெட்டி என் கையில் கனத்தது. "நான் அன்னைக்கே பாத்தேன் பிரமி. டப்பாவுல கெட்டியா இருந்துது. சொல்லல" என்றேன்.

பிரமிளா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "போன் வந்தப்பவாவது சொல்லி இருக்கலாம் ரோஸி."

"அவருக்கு இது தெரியாது டாக்டரம்மா. எனக்கு அன்னிக்கே ஒறுத்துச்சி. ஆனா ராசாவப் பாத்தா நம்ப முடியல. மெஷினு தப்பாக் காட்டியிருக்கும், ஈர்க்குதான் எப்படியோ மாட்டிக்கிச்சின்னு நெனச்சிக்கினேன். என் புள்ள கையத்தான் அது நாளெல்லாம் சப்பிக்கினு இருந்துது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. பிரமிளா அவள் தோளைத் தொட்டு, "இப்ப சொன்ன பாரு, அது நல்லது. ஆஸ்பத்திரியில இதையே சொல்லணும், கன்னுக்குட்டி வெரல சப்புச்சி, அதுக்குக் கிருமி இருக்குன்னு. டாக்டருக்கு அதுதான் வேணும். கெளம்பு" என்றாள். எந்தக் குழந்தை மருத்துவரும் வயிற்றுப்போக்குக்குப் பின்னால் ஒரு எருமைக் கன்று நிற்கும் என்று முதலில் நினைக்க மாட்டார் அல்லவா. 8.20க்கு மூவரும் ஸ்கூட்டரில் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். ஜெனி நடுவில், அம்மாவின் சேலையில் சுற்றி. ஆறு கன்றும் நானும் வீட்டில்.

போவதற்கு முன் பிரமிளா எனக்கு வேலை வைத்துவிட்டுப் போயிருந்தாள். ராசாவைக் கரும்பு ஓரத்துக்கு மாற்ற வேண்டும், ஈர்க்கை வேறொரு நிழலில் கட்ட வேண்டும், வாசல் சாணத்தை எல்லாம் அள்ளிக் குழியில் போட்டு, கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும். பேருந்துப் பயணம் எழுதுகிறவளுக்கு எட்டு மாத எருமைக் கடாவை நகர்த்துவது எப்படி என்று தெரியாது. கயிற்றை இழுத்தேன், அது என்னை இழுத்தது. கடைசியில் ஒரு கட்டுக் கரும்புத் தழையைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன், மகாராஜா மாதிரி பின்னால் வந்தது. முளையில் கட்டி நிமிர்ந்ததும் என் விரலைத் தேடி மூக்கை நீட்டியது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது என்ன தப்பு செய்தது, சொல்லுங்கள். அதற்குத் தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? கோபப்பட ஆள் தேடினேன். ரோஸி மேல் வரவில்லை. நோய்க்குப் பயந்தவள் இல்லை அவள், ஒரு கன்றுக்காக ஆறையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தவள். கண்ணால் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல்தான் வந்தது.

11.45க்குப் பிரமிளாவின் போன். குழந்தையைச் சேர்த்துவிட்டார்கள். மலம், ரத்தம் இரண்டும் சோதனைக்குப் போயிருக்கிறது. கன்று விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாராம். எட்வினும் கம்பெனியில் சொல்லிவிட்டு நேராக அங்கே போய்விட்டார்.

"இப்ப பயம் என்னன்னா, காலையிலேருந்து அவ ஒண்ணுக்குப் போகல. கிட்னி நல்லா இருக்குதான்னு அதுலதான் மொதல்ல தெரியும். போனா உடனே சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் வாசலை இன்னொரு முறை கழுவினேன். தேவையே இல்லை, சும்மா உட்கார முடியவில்லை. மூன்று மணிக்குப் பிரமிளா மட்டும் திரும்பி வந்தாள். கையுறை போட்டு, ராசாவிடமும் ஈர்க்கிடமும் தன் கையாலேயே சாணம் எடுத்து டப்பாவில் அடைத்தாள். ஈர்க்குக்குப் பூச்சி மருந்து புகட்டினாள். 4.15க்கு என்னைக் கிருமாம்பாக்கத்தில் இறக்கிவிட்டாள். அதுவரை ஜெனி ஒண்ணுக்குப் போனதாகச் செய்தி இல்லை.

அந்தச் சாயங்காலத்தை முடிப்பதற்கு முன், போகிறவர்களுக்குச் சில விஷயம். வில்லியனூர் வழியாகப் போவதைவிட, புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடலூர் பேருந்தில் கிருமாம்பாக்கம் போய், அங்கிருந்து பகிர்வு ஆட்டோவில் பாகூர் போவது சுலபம். பேருந்து இருபது ரூபாய், நாற்பது நிமிடம். ஆட்டோ இருபது ரூபாய். ஏரிக்குக் காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், நிழல் குறைவு. யார் வீட்டுக் கன்றையும் தடவுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் பையில் ஒரு சோப்புத் துண்டு இருக்கட்டும். கை துடைக்கும் திரவத்தை மட்டும் நம்ப வேண்டாம், சாணம் பட்ட கைக்குத் தண்ணீரும் சோப்பும்தான் என்கிறாள் பிரமிளா. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கூட்டிப் போனால், அதன் கையை நீங்களே கழுவிவிடுங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், கறியை உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவிடுங்கள். குழந்தைக்கு ரத்தத்தோடு போனால் கடை மாத்திரை வேண்டாம், ஆஸ்பத்திரி. மாடு கன்று பக்கம் போயிருந்தால் கேட்காமலே அதைச் சொல்லுங்கள்.

அடுத்த வாரக் கடைசியில் தெரிந்த இன்னொன்று. ஈர்க்கின் சொந்தச் சாணத்தில் அந்தக் கிருமி இல்லவே இல்லை. பாவம், அதற்கு வெறும் பூச்சித் தொல்லை. ராசாவிடம் இருந்தது. மறு முறை பார்க்கும் வரை அதைத் தனியாகக் கட்டி, அதன் தீவனத்தை எட்வின்தான் கவனித்துக்கொண்டார். முடிவை வைத்து எந்தக் கன்றையும் யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், வியாபாரிக்கும் சொல்ல மாட்டோம் என்பதைப் பிரமிளா இப்போது ஒவ்வொரு வீட்டிலும் முதல் வாக்கியமாகச் சொல்கிறாள். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

சரி, அந்தச் சாயங்காலம். கிருமாம்பாக்கம் நிறுத்தம், மணி 4.20. பேருந்து வந்தது, ஏறவில்லை. பஜ்ஜிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனம் சரியில்லாத நேரத்தில் ஒரு பாரத்தையாவது இறக்கிவைக்கலாம் என்று, இரண்டு வாரத்துக்கு முன் இங்கே சாப்பிட்டது, வயிறு கெட்டது, கடையைப் பற்றித் தப்பாக எழுதியது, தப்பு கடை மேல் இருந்திருக்காது, கன்று சப்பிய கையோடு நான் தின்றதுதான் காரணமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கரண்டியை எடுக்காமலே கேட்டார். "எங்க எழுதுனீங்க?"

"போன்ல. இன்டர்நெட்ல."

"நான் எங்கம்மா அதெல்லாம் பாக்கறேன்" என்றார். பஜ்ஜிகளைப் புரட்டிப் போட்டார். பிறகு கடையின் ஓரத்தைக் கரண்டியால் காட்டினார். ஒரு நீலத் தண்ணீர் டிரம், அதில் ஒரு குழாய், பக்கத்தில் கயிற்றில் தொங்கும் பாதிச் சோப்பு. "அன்னிக்கும் அது அங்கதான் இருந்துது."

போய்க் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று தெரியாது. திரும்பி வந்து இரண்டு பஜ்ஜி வாங்கி, தின்ன மனமில்லாமல் தாளோடு வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 4.50க்குப் போன் அடித்தது. ரோஸியின் எண். எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா" என்றாள். மூச்சு வாங்கியது. "ஒண்ணுக்குப் போயிட்டாக்கா. நெறயப் போயிட்டா. பெட்டெல்லாம் நனச்சிட்டா. ராசாவுக்குக் கஞ்சி வெச்சியான்னு கேக்குறா."

காலையிலிருந்து ரோஸி அழாமல் இருந்ததும் நான் அழாமல் இருந்ததும் அந்தப் போனில்தான் முடிந்தது. கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?"

"இல்லைங்க. குழந்த ஒண்ணுக்குப் போயிட்டா" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது இதுதான் முதல் முறை.

அவருக்கு என்ன புரிந்ததோ. "நல்லதும்மா. கை கழுவிவுடச் சொல்லுங்க" என்றார்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. சொன்னேன்.